'வெரி' என்ற சொல் 'வெறி'யிலிருந்து போகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம் ஐயா. உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் சென்ற வாரம் வந்த ஒரு பெட்டிச் செய்தி பற்றித்தான் இந்தக் கடிதம். 'வெரி குட்' என்கிறோமே, அந்த 'வெரி' தமிழின் 'வெறி'யிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது, வெறி என்றால் அளவு கடந்தது, வெரி என்றாலும் மிகவும் என்றுதான் பொருள், ஆகவே மூலம் தமிழே என்று நான்கு வரியில் முடித்திருந்தீர்கள். அது தவறு ஐயா. பாதி சரி பாதி தவறு என்றுகூடச் சொல்ல வழியில்லை, முழுக்கத் தவறு. திருத்தம் போடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன், ஏன் தவறு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளும்.

தங்கச்சிமடத்தில் சாயங்கால நேரத்தில் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். உங்கள் மாணவர் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கும் பிள்ளைகள் இவர்கள். பேப்பரில் வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற வயசு. நாளைக்கு எங்காவது மேடையேறி இதையே சொன்னால், விஷயம் தெரிந்த ஒருவர் மறுத்துப் பேசும்போது பிள்ளை கூனிக்குறுகி நிற்கும். அந்த வெட்கம் அந்தப் பெட்டியை எழுதியவருக்கு வராது, பிள்ளைக்குத்தான் வரும்.

சரி, 'வெரி' எங்கிருந்து வந்தது? லத்தீனில் 'வேருஸ்' என்றால் உண்மையான, மெய்யான. அதிலிருந்து 'வேராக்ஸ்', அதாவது உண்மை பேசுகிற. பேச்சு லத்தீனில் அது திரிந்து, பழைய பிரெஞ்சில் 'வெராய்' என்று ஆனது. இன்றைய பிரெஞ்சில் உண்மைக்கு 'வ்ரே' என்கிறார்கள், அதுவும் இதே சொல்தான். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தன, அந்த வெள்ளத்தில் வந்து சேர்ந்ததுதான் இது. 13ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'வெர்ராய்' என்று எழுதியிருக்கிறார்கள், அப்போது அதற்கு 'மிகவும்' என்ற பொருளே கிடையாது, 'உண்மையான' என்பது மட்டும்தான். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் சாசர் என்ற கவிஞர் ஒரு வீரனைப் பாராட்டும்போது 'வெர்ராய்' என்று எழுதுகிறார், அசல் வீரன் என்ற அர்த்தத்தில். 'மிகவும்' என்ற இன்றைய பொருள் ஊன்றி நிற்பது 15ஆம் நூற்றாண்டு வாக்கில்.

இப்போது காலக்கணக்கைப் பாருங்கள். ஆங்கிலேயர்களின் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியதே 1600இல். அவர்கள் சென்னையில் இடம் வாங்கியது 1639இல். தமிழர்களோடு அவர்கள் நின்று பேச ஆரம்பிக்கும்போது 'வெரி' அவர்கள் வாயில் முந்நூறு நானூறு வருஷமாகப் புழங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் எப்படி நம்மிடமிருந்து வாங்குவார்கள்?

இல்லை, லத்தீன்காரர்களே நம்மிடம் வாங்கியிருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். அதற்கும் வழியில்லை. ஜெர்மனில் உண்மைக்கு 'வார்' என்பார்கள், வேல்ஸ் மொழியில் 'குவிர்', ரஷ்ய மொழியில் நம்பிக்கைக்கு 'வேரா'. எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ரோமாபுரி ஒரு கிராமமாகக்கூட இல்லாத காலத்திலேயே பிரிந்துபோன மொழிகளில் இந்தச் சொல் இருக்கிறது என்றால், அது கப்பலேறிப் போய்ச் சேர்ந்த சொல் இல்லை, கூடப் பிறந்தது.

இதைவிட எளிதாகப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு வழி உண்டு. இரண்டு சொற்கள் நிஜமாகவே உறவு என்றால், பழைய காலத்துக்குப் போகப் போக அவை நெருங்கி வர வேண்டும். இங்கே நேர்மாறாக நடக்கிறது. இன்றைய 'வெரி'யும் 'வெறி'யும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கின்றன, ஆனால் 'வெர்ராய்' என்று ஒரு படி இறங்கினால் கொஞ்சம் விலகுகிறது, 'வேராக்ஸ்' என்று இறங்கினால் இன்னும் விலகுகிறது, பொருளும் 'மிகுதி'யிலிருந்து 'உண்மை'க்குப் போய்விடுகிறது. நம் பக்கம் 'வெறி'யைப் பின்னோக்கித் தேடினால் சங்கப் பாட்டில் வேலன் ஆடும் வெறியாட்டுக்குப் போய்ச் சேருவோம், நறுமணம் என்ற பொருளும் அங்கே கிடைக்கும். வெறிக்கு அத்தனை பெரிய சொந்தக் கதை இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஆங்கிலச் சொல் ஒன்றுக்குப் பாட்டன் என்று பட்டம் கட்டுவதால் வெறிக்கு என்ன பெருமை?

எங்கள் கடற்கரைக்கு இந்த லத்தீன் சொல் புதிதே இல்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1960களின் நடுப்பகுதி வரைக்கும் கத்தோலிக்கக் கோவில்களில் பூசை லத்தீனில்தான் நடந்தது. ஞாயிறு பூசையில் விசுவாசப் பிரமாணம் பாடும்போது ஒரு வரி வரும்: 'தேயும் வேரும் தே தேயோ வேரோ'. எங்கள் தெருவில் வயதான பாட்டிமார் சிலர் இன்றைக்கும் அதை ராகத்தோடு சொல்லுவார்கள். அதே இடத்தில் இன்று தமிழில் 'உண்மைக் கடவுளினின்று உண்மைக் கடவுளாக' என்று சொல்கிறோம். இங்கிலாந்தின் பழைய செபப் புத்தகத்தில் அந்த வரியை 'வெரி காட் ஆஃப் வெரி காட்' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். மிகவும் கடவுள் என்றா அதற்கு அர்த்தம்? மெய்யான கடவுள் என்று அர்த்தம். அந்த ஒரு வரியை மூன்று மொழியிலும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட 'வெரி'யின் வரலாறு விளங்கிவிடும். (அந்த லத்தீன் 'வேரும்' காதுக்கு நம் மரத்து வேர் போலவே கேட்கும். அதைப் பிடித்துக்கொண்டும் யாராவது கிளம்பிவிடப் போகிறார்கள், அதற்கும் நம் வேருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.)

பைபிளிலும் இதைப் பார்க்கலாம். யோவான் எழுதிய சுவிசேஷத்தில் 'மெய்யாகவே மெய்யாகவே உங்களுக்குச் சொல்லுகிறேன்' என்று அடிக்கடி வரும். 1611இல் வந்த ஆங்கில பைபிளில் அந்த இடங்களில் 'வெரிலி, வெரிலி' என்று இருக்கிறது. 'வெரி'யோடு 'லி' சேர்ந்த சொல் அது, நாம் 'மெய்'யோடு 'ஆக' சேர்ப்பது போல. தமிழில் மொழிபெயர்த்தவர்கள் மிகச் சரியான சொல்லைத்தான் போட்டிருக்கிறார்கள்.

கோவில் பக்கமே போகாத ஆளுக்கும் இந்த லத்தீன் சொல் தெரியும். கடலுக்குப் போக டோக்கன் வாங்கப் போனால் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு 'வெரிஃபை பண்ணணும்' என்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அதற்கான நிவாரணத்துக்குப் பேர் கொடுத்தால் 'வெரிஃபிகேஷன் முடியட்டும்' என்று பதில் வரும். அந்த 'வெரிஃபை' லத்தீன் 'வேருஸ்' என்பதோடு 'செய்' என்ற பொருளுள்ள சொல் சேர்ந்து வந்தது, உண்மைதானா என்று உறுதி செய்வது. கோர்ட்டில் தீர்ப்புக்கு 'வெர்டிக்ட்' என்கிறார்கள், 'உண்மையாகச் சொல்லப்பட்டது' என்பதுதான் அதன் மூலப் பொருள். இப்படிச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்கு ஒரே மூச்சில் நாலு ஆங்கிலச் சொல் எழுத்துப் பிழையில்லாமல் மனசில் நிற்கிறது. வெறியிலிருந்து வந்தது என்று சொல்லிக்கொடுத்தால் என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது, அடுத்த சொல்லுக்கு அது உதவவே உதவாது.

உண்மை என்ற சொல் எப்படி 'மிகவும்' ஆகும் என்று சந்தேகம் வரலாம். நம் வாயிலேயே அது நடக்கிறது. 'இன்னைக்கு நெசமாவே நல்ல மீன்பாடு' என்று ஒருவர் சொன்னால், பொய் சொல்லவில்லை என்று அவர் சத்தியம் செய்யவா செய்கிறார்? மீன் நிறையக் கிடைத்தது என்பதை அழுத்திச் சொல்கிறார், அவ்வளவுதான். ஆங்கிலேயனும் 'உண்மையாகவே நல்லது, உண்மையாகவே நல்லது' என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, உண்மை தேய்ந்து அழுத்தம் மட்டும் மிஞ்சிவிட்டது. அவர்களுடைய 'ரியலி'யும் அதே பாதையில்தான் போயிருக்கிறது, அதுவும் லத்தீன் வழி வந்தது. சில சொற்கள் இன்னும் தூரம் போகும். ஆங்கிலத்தில் 'சோர்' என்றால் புண், வலி. பழைய ஆங்கில பைபிளில் இடையர்கள் தேவதூதனைக் கண்டு பயந்ததை 'சோர் அஃப்ரெய்ட்' என்று எழுதியிருக்கிறார்கள், தமிழில் 'மிகவும் பயந்தார்கள்' என்று இருக்கும். ஜெர்மன்காரர்கள் 'மிகவும்' என்பதற்கு இன்றும் சொல்கிற 'ஸேர்' இதன் உடன்பிறப்புதான். நாமும் 'பயங்கரமா நல்லாருக்கு' என்று கூசாமல் சொல்கிறோமே.

இதில் எனக்கு எல்லாவற்றையும்விடச் சுவையாகப் பட்டது நம் 'ரொம்ப'. பிரெஞ்சு வருவதற்கு முன் ஆங்கிலத்தில் 'மிகவும்' என்று சொல்ல இருந்த சொற்களில் ஒன்று 'ஃபுல்'. நிறைந்த, முழு என்கிற அதே 'ஃபுல்'தான், 'ஃபுல் வெல்' என்றால் ரொம்ப நன்றாக. நம் 'ரொம்ப' எங்கிருந்து வந்தது? 'நிரம்ப' என்பதிலிருந்து. தண்ணீர் நிரம்ப, மனசு நிரம்ப என்கிறோமே அந்த நிரம்ப. அவர்களும் நிறைவைத்தான் மிகுதியாக்கினார்கள், நாமும் நிறைவைத்தான் மிகுதியாக்கினோம், யாரும் யாரிடமும் வாங்கவில்லை. அவர்கள் அதைக் கைவிட்டு உண்மைக்கு மாறினார்கள், நாம் நிறைவையே வைத்துக்கொண்டோம்.

ரொம்ப என்பது அப்படியே பழந்தமிழ்ச் சொல்லாக இருக்க முடியாது என்பதை முதல் எழுத்தே காட்டிக்கொடுக்கிறது. ரகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்று இலக்கணத்தில் படிக்கிறோம். அப்படியானால் ரொம்ப ஒன்று வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும், இல்லை முன்னால் ஏதோ உதிர்ந்திருக்க வேண்டும். தேடிப் போனால் உதிர்ந்த 'நி' கிடைக்கிறது. ஆங்கிலத்திலும் இதேபோல ஒரு முதலெழுத்துக் குறிப்பு உண்டு. நம் வகரத்தை ஒத்த 'வி' என்ற எழுத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களில் ஆகப் பெரும்பாலானவை லத்தீன், பிரெஞ்சு வழி வந்தவை. ஆங்கிலத்துக்கே சொந்தமானவை விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான், பெண் நரிக்குச் சொல்லும் 'விக்சன்' மாதிரி சில. அதுவும் ஆண் நரியின் 'ஃபாக்ஸ்' என்பதில் இருக்கிற ஒலிதான் தெற்கு இங்கிலாந்துப் பேச்சில் அப்படி மாறியது. ஆக 'வெரி' என்று பார்த்தவுடனேயே, இது பிரெஞ்சு வாசல் வழியாக வந்திருக்குமோ என்று ஒரு பிள்ளை சந்தேகப்படலாம், அகராதியைத் திறந்து சரிபார்க்கலாம். இப்படி எழுத்தைப் பார்த்தே துப்புத் துலக்கக் கற்றுக்கொடுத்தால் பிள்ளைகளின் கண் விரிவதை நான் நேரில் பார்க்கிறேன்.

மிகுதிக்குத் தமிழில் சொல் பஞ்சமும் கிடையாது. 'உறு தவ நனி என வரூஉம் மூன்றும் மிகுதி செய்யும் பொருள' என்று தொல்காப்பியம் சொல்கிறது. நன்னூல் இன்னும் மூன்றைச் சேர்த்து 'சால உறு தவ நனி கூர் கழி மிகல்' என்று ஆறாக அடுக்குகிறது. பேச்சிலோ, எங்கள் பக்கம் 'அம்புட்டு ருசி' என்றால் அதற்கு மேல் ஒரு சொல் தேவையே இல்லை. ஆங்கில 'வெரி'யின் வேரைப் பெயர்த்துக்கொண்டு வந்து நம் வீட்டில் நட வேண்டிய நிலையில் தமிழ் இல்லை.

தமிழுக்கும் உலகத்துக்கும் இருந்த கொடுக்கல் வாங்கலைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் அந்தப் பெட்டியை எழுதியவரின் ஆசை என்றால், அந்த ஆசை எனக்கும் உண்டு. அதற்குப் பொய்யான சொல் எதற்கு? வைகை கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்திலேயே அழகன்குளம் இருக்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது ரோமாபுரி மது ஜாடியின் உடைந்த துண்டுகள், ரோம அரசர்களின் காசுகள், கப்பல் படம் கீறிய பானை ஓடு எல்லாம் கிடைத்தன. காசுகளில் சில 4ஆம் நூற்றாண்டுக்கு உரியவை, லத்தீன் எழுத்துப் பொறித்தவை. லத்தீன் எங்கள் மண்ணுக்குள்ளேயே கிடந்திருக்கிறது ஐயா. சொல்லும் போயிருக்கிறது. இஞ்சியை லத்தீனில் 'ஸிங்கிபெர்' என்பார்கள், அங்கிருந்துதான் ஆங்கில 'ஜிஞ்சர்'. நம் பக்கத்து 'இஞ்சி வேர்' பாலி, கிரேக்கம் என்று கைமாறி லத்தீனுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை மொழியியல் அறிஞர்கள் ஒவ்வொரு படியாகக் காட்டியிருக்கிறார்கள். எந்த மேடையிலும் நிமிர்ந்து நின்று சொல்லலாம்.

கட்டுமரத்தைச் சொல்லுங்கள். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697இல் வெளியிட்ட பயண நூலிலேயே 'கேட்டமரான்' வந்துவிட்டது. இன்று உலகமெங்கும் இரட்டை உடல் கொண்ட படகுக்கு அந்தப் பேரை வைத்திருக்கிறார்கள், நம் ஆட்கள் கட்டிய மரம் வேறு, அவர்கள் ஓட்டுவது வேறு, ஆனாலும் பேர் நம்முடையது. கீழக்கரையில் குளித்தெடுத்த சங்கு ஆங்கிலத்தில் 'சேங்க்' ஆனது. சுருட்டு 'செரூட்' ஆனது.

வந்த சொற்களும் குறைவில்லை. காலையில் பாம்பன் கரைக்குப் போனால் சூடையும் காரலும் கூறு கூறாகக் கொட்டிக் கிடக்கும், சுற்றி ஆட்கள் நிற்பார்கள், ஏலம் விடுகிறவர் ஒரே மூச்சில் விலையை ஏற்றிக்கொண்டே போவார். அந்த 'ஏலம்' போர்த்துகீசிய 'லெய்லாவ்' என்பதிலிருந்து வந்தது. ஏலம் முடிந்து கணக்கு எழுதும் பேனா, லத்தீனில் இறகைக் குறிக்கும் 'பென்னா'. அது வைத்திருக்கும் மேசை, லத்தீன் 'மென்ஸா'. பெட்டியைப் பூட்டும் சாவி, லத்தீன் 'கிளாவிஸ்'. மூன்றும் போர்த்துகீசியக் கப்பலில் வந்து இறங்கிய சொற்கள். வேதாளையில் 1549இல் கொல்லப்பட்ட கிரிமினாலி, ஓரியூரில் 1693இல் தலை வெட்டப்பட்ட அருளானந்தர் என்று லத்தீன் படித்த பாதிரிமார் இந்தக் கரையில் நடமாடியது ஊரறிந்த வரலாறு, பாதிரி என்ற சொல்லே லத்தீன் தகப்பனிடமிருந்து வந்ததுதான். வீரமாமுனிவர் நம் பேச்சுத் தமிழுக்கு லத்தீனிலேயே ஓர் இலக்கணம் எழுதினார், அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. இவ்வளவும் கையில் இருக்கும்போது காதுக்கு ஒன்றுபோலக் கேட்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வெரியையும் வெறியையும் முடிச்சுப் போடுவது எனக்கு மனசு ஆறவில்லை.

ஆகவே இரண்டு விஷயம் கேட்கிறேன். இனிமேல் சொல் வரலாறு போடும்போது, அந்தச் சொல் எந்த நூற்றாண்டில் எந்த வடிவத்தில் எழுதப்பட்டது, இடையில் எந்த மொழி வழியாக வந்தது என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். அதை எழுத முடியவில்லை என்றால் அந்தச் சொல்லை அந்த வாரம் விட்டுவிடுங்கள், வேறு சொல்லா இல்லை.

இன்னொன்று, திருத்தம். அதை மாணவர் பக்கத்திலேயே, அதே அளவுப் பெட்டியில் போடுங்கள். இந்தக் கடிதத்தை நீங்கள் வாசகர் கடிதப் பகுதியில் போட்டால் பெரியவர்கள்தான் படிப்பார்கள், வெட்டி நோட்டில் ஒட்டிய பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.